பறந்துபோன சைபர்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் பல்வலி என்ன ஆயிற்று? பிடுங்கினாயா, இல்லை வழக்கம்போல இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்கிறாயா? போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு வேலையில் போய்ச் சேர்ந்தாய். உன்னால் நான் இந்தக் காலத்தில் தபால்தலை தேடி அலைகிறேன்.

முதலில் உன் மருமகள் வாண்டு செய்த கூத்தைக் கேள். செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்கு ஐம்பதாவது ஆண்டு விழா. வெள்ளித்தாளில் செய்த பெரிய பலூன்கள் இரண்டு வாங்கியிருந்தார்கள். ஒன்று ஐந்து, ஒன்று சைபர். ஒவ்வொன்றும் நம் வாண்டு உயரம் இருக்கும். ஐந்தைப் பிடித்துக்கொள்ள ஒரு பையன், சைபரைப் பிடித்துக்கொள்ள இவள். சைபரின் கயிற்றில் ஒரு கொத்துச் சின்ன பலூன்களும் தொங்கின. சிறப்பு விருந்தினர் வரும்வரை ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும் என்று உத்தரவு. பத்தேகாலுக்கு இவளுக்கு மூக்கு அரித்திருக்கிறது. அவ்வளவுதான். விருந்தினர் காரை விட்டு இறங்கும்போது பள்ளிக்கு வயது ஐந்து. விழாவுக்குப் போயிருந்த நானும் மற்றவர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க, சைபர் கடல் பக்கமாகப் போயே போய்விட்டது.

டீச்சர் காய்ச்சி எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. "அப்பா வரட்டும். பிளேன்ல போயி புடிச்சுட்டு வருவாரு" என்று எனக்கே சவால் விட்டாள்.

அப்பா அன்று வரவில்லை. மறுநாள் மத்தியானம்தான் வந்தார். விமானத்தை வேறொரு தளத்தில் இறக்க வேண்டியதாகிவிட்டதாம். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கருவிகளைப் பார்க்கிறவர், வாண்டு 'பின்சீட்டு அங்கிள்' என்று கூப்பிடுவாளே, அவருக்கு இடுப்பில் பலமான அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உன் அத்தான் எதையும் சொல்ல மறுக்கிறார். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் வாசலில் இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு: படித்துவிட்டு ஒழுங்காக ஒட்டுங்கள். போன தடவை பாதிக் கடிதம் பசையோடு போய்விட்டதாம்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. இப்போது பல் இருந்த இடம் வலிக்கிறது. மற்றபடி சௌக்கியம்தான். வாசல் ஐயா உன் குறிப்பைப் படித்துவிட்டார் போல. இந்த முறை உறையை ஒட்டியிருந்த அழகைப் பார்த்தால் பிரிக்கவே மனம் வரவில்லை.

அத்தானைத் தொந்தரவு செய்யாதே. சொல்லும்போது சொல்லட்டும். பின்சீட்டுக்காரர் எழுந்து நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நீ எப்போதும் கேட்பாய், அங்கே அப்படி என்னதான் செய்கிறாய் என்று. எழுதக்கூடிய அளவு எழுதுகிறேன். எங்கள் விமானங்கள் படம் எடுத்துக்கொண்டு வருகின்றன. அதில் சில நேரம் என்னவென்று தெரியாத ஒன்று பறக்கிறது. எடுத்தவர் பதறிப்போகிறார். படம் எங்கள் அறைக்கு வரும். ஆறு மேசை, எப்போதும் மூடிய திரைச்சீலை, ஒரு டீ பிளாஸ்க். படத்தின் ஓரங்களில் காமிராவின் கோணம், உயரம், நேரம் எல்லாம் எண்களாக ஓடும். அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, "இது நாரை", "இது ஒரு கிரகம்", "இது பயணிகள் விமானத்தின் விளக்கு" என்று எழுதி அனுப்புவது என் வேலை. போன மாதம் ஒரு தளபதி மூன்று நாள் தூங்கவில்லை. காரணம், காமிராக் கண்ணாடியில் உட்கார்ந்த ஈ.

பெரும்பாலும் நாம் ஏமாறுவது வேகத்தில்தான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் நிற்கிற மரம் ஓடுகிறதில்லையா, அதே கதை. விமானம் பறக்கும் வேகத்தை, சும்மா மிதக்கிற பொருளின் தலையில் கட்டிவிடுகிறோம்.

பத்து வருடத்தில் 'அடையாளம் தெரியவில்லை' என்று நான் ஒரு தடவை கூட எழுதியதில்லை. கர்வம் என்றால் கர்வம்தான்.

ஐந்து வயதுப் பள்ளிக்கு என் வாழ்த்தைச் சொல். வாண்டுக்கு முத்தம்.

தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? எங்களுக்கு இரண்டுமே சரியில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

அத்தான் வாயைத் திறந்துவிட்டார். அன்று பிற்பகல் இரண்டரை மணிக்குக் கடலுக்கு மேலே ஒன்றைப் பார்த்திருக்கிறார். வளையம் மாதிரி, நடுவில் ஓட்டை. அலையை உரசுகிற மாதிரி அசுர வேகத்தில் போனதாம். இவர் திரும்பினால் அதுவும் திரும்பியதாம். பதினொரு நிமிடம் துரத்தியிருக்கிறார். பின்சீட்டுக்காரர், "சார், பெட்ரோல் கம்மியா இருக்கு, திரும்பிடலாம்" என்று இரண்டு தடவை சொன்னாராம். இவர் காதில் வாங்கவில்லை. கடைசியில் நம் தளம் வரை வர முடியாமல் பக்கத்திலிருந்த சின்ன ஓடுதளத்தில் இறக்க, அதன் நீளம் போதாமல் விமானம் மண்ணில் பாய்ந்து நின்றிருக்கிறது.

விசாரணை ஆரம்பித்துவிட்டது. அது உண்மையிலேயே இன்னதென்று தெரியாத ஒன்று என்றால், துரத்தியது கடமை. ஏதோ பறவை, கிறவை என்றால் இவர் செய்தது முட்டாள்தனம். ஒருவருடைய இடுப்பை உடைத்த முட்டாள்தனம். அப்புறம் இவரைப் பறக்க விடமாட்டார்கள். குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். படத்தை ஏதோ ஒரு ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அவர்கள் சொல்வதுதான் முடிவு.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. நீ சின்ன வயதில் ஜுரத்தில் கிடந்தபோது யார் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள் என்பதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை.

வாண்டு சாப்பாட்டு மேசையில் ஏதோ உளறி அப்பாவிடம் அறை வாங்கினாள். இதுவரை கை ஓங்காத மனிதர். அதை விடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை நெட்டி முறிக்கிறது. இங்கே வெயில் ஏறிவிட்டது. அறையில் மின்விசிறி சத்தம் தாங்கவில்லை என்று அதை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அத்தானைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். நல்லபடியாக முடியும்.

வாண்டிடம் அந்த சைபர் எந்தப் பக்கமாகப் போனது என்று கேட்டு எழுது.

வேண்டாம். கேட்காதே.

தம்பி


ஏப்ரல் 19

என் தங்கத் தம்பிக்கு,

நூறு வருஷம் நன்றாக இரு. முடிவு வந்துவிட்டது. 'அடையாளம் தெரியவில்லை.' இரண்டே சொற்களுக்கு இவ்வளவு பலமா! அத்தான் அந்தத் தாளை நான்கு தடவை வாசித்துக் காட்டினார். "நிபுணருங்களே கையை விரிச்சுட்டாங்க பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

யார் அந்த நிபுணர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறேன். வெயில் என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும், குளிர்காலம் வராமலா போகும்?

பின்சீட்டுக்காரர் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். போய்ப் பார்த்தோம். வாண்டு அவர் அறைக்குள் வரவே மாட்டேன் என்று வராந்தாவிலேயே நின்றுவிட்டாள்.

பதில் போடு.

அக்கா


ஜூலை 27

தம்பிக்கு,

உடம்பு சரியாக இருக்கிறதா இல்லையா, அதையாவது எழுது. இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன். ஸ்வெட்டர் வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. கோபமா? கோபப்படுகிற அளவுக்கு நான் எதுவும் கேட்கவில்லையே என்று நினைத்துப் பார்க்கிறேன். கேட்டேன்தான். கேட்காத மாதிரி கேட்டேன்.

இங்கே வீடு வீடாக இல்லை. அத்தானுக்கு அந்த வளையத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நீண்ட விடுப்புப் போட்டுவிட்டார். யார் யாரோ வருகிறார்கள், கூடத்தில் உட்கார்ந்து படம் வரைந்து பேசுகிறார்கள். மன்றங்களில் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். வேறு உலகத்திலிருந்து வந்ததாம், இவரைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிப் பார்த்ததாம். பொழுது சாய்ந்தால் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். விமானத்தில் ஏறும் ஆசையே போய்விட்டது. "அதப் பாத்த கண்ணால இனிமே வேற எதப் பாக்கறது?" என்கிறார். பிழைத்தது வேலை, தொலைந்தது மனுஷன்.

வாண்டின் கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நோட்டைக் காட்டினார். பிள்ளை சைபர் போடுவதே இல்லை. பத்து என்றால் ஒன்று போட்டு இடம் விடுகிறாள். நூற்றைந்து என்றால் ஒன்று, வெற்றிடம், ஐந்து. டீச்சர் திட்டியும் பார்த்துவிட்டார், கெஞ்சியும் பார்த்துவிட்டார். ஏன் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டேன் என்கிறாளாம். நானும் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான்தான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு வரியாவது எழுது.

அக்கா


ஆகஸ்ட் 11

மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? உங்க கேட்ல லெட்டர பிரிச்சுப் படிப்பாங்கன்னு அம்மா சொல்லிருக்காங்க. அதனால கவர் மேல "கேட் அங்கிள், இது ரகசியம், படிக்காதீங்க ப்ளீஸ்"னு எழுதிருக்கேன்.

மாமா, ஒண்ணு கேக்கணும். அப்பா பாத்தது எங்க ஸ்கூல் சைபர்தானே? வளையம்னு சொன்னாங்க, நடுவுல ஓட்டைனு சொன்னாங்க, கீழ வால் மாதிரி தொங்குச்சுன்னு சொன்னாங்க. அது சின்ன பலூன். நான்தான் கட்டினேன், எனக்குத் தெரியாதா? அன்னிக்கு சாப்பிடும்போது "அப்பா, அது எங்க சைபரா?"னு கேட்டேன். அப்பா அடிச்சுட்டாங்க. அம்மா இனிமே இதப் பத்திப் பேசவே கூடாதுன்னு சொன்னாங்க. அப்புறம் லெட்டர் வந்துச்சு. "பாரு, பெரிய பெரிய ஆபீசருங்களே தெரியலன்னு எழுதிட்டாங்க, நீ பொய் சொல்ற"ன்னு அப்பா சொன்னாங்க.

நான் பொய் சொல்றேனா மாமா? உங்களுக்கு எல்லாம் தெரியும்னு அம்மா சொல்வாங்க.

இன்னொண்ணு. நான் கயித்த விட்டதாலதான் பின்சீட்டு அங்கிளுக்கு நடக்க முடியலயா? மூக்கு ரொம்ப அரிச்சுது மாமா. ஒரு கையிலதான் சொறிஞ்சேன்.

வாண்டு


ஆகஸ்ட் 19

என் வாண்டுக்கு,

மாமா நலம். உன் உறையை கேட் அங்கிள் பிரிக்கவில்லை. முத்திரைகூடக் குத்தாமல் நேராகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

நீ பொய் சொல்லவில்லை. அது உங்கள் சைபர்தான்.

அந்தப் படம் வந்தது என் மேசைக்குத்தான். 'தெரியவில்லை' என்று எழுதிய பெரிய ஆபீசர் நான்தான். அது வேகமாகப் போகவே இல்லை. வேகமாகப் போனது அப்பாவின் விமானம். சைபர் கடலுக்கு வெகு உயரத்தில் காற்று போன போக்கில் சும்மா மிதந்துகொண்டிருந்தது. அன்றைய காற்றை எடுத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். கோடு கடலைத் தாண்டி, ஊரைத் தாண்டி, காலை பத்தேகாலுக்கு உன் பள்ளிக்கூட மைதானத்தில் வந்து நின்றது. அம்மா எழுதிய கடிதம் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. தெரிந்தும் தெரியாது என்று எழுதினேன். பொய் சொன்னது மாமா.

பின்சீட்டு அங்கிள் விஷயம். ஒன்பது வயதில் மூக்கு அரித்தால் கயிறு கையை விட்டுப் போகும். யாருக்கும் போகும். போதும் திரும்பலாம் என்று சொன்னபிறகும் துரத்தியது பெரியவர்கள் செய்த தப்பு. அதை மறைத்தது இன்னும் பெரிய தப்பு. இதில் உன் பங்கு மூக்கைச் சொறிந்தது மட்டும்தான்.

இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. அம்மாவிடம் காட்டு. அப்பாவிடமும் காட்டலாம். நோட்டில் சைபரைப் போடு. அது உன்னுடையது.

மாமா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

இதே உறையில் வாண்டுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிடு. படித்தபிறகு என் நலத்தை விசாரிக்க உனக்குத் தோன்றாது. ஸ்வெட்டர் வந்தது. போட்டுப் பார்க்கவில்லை.

படத்தில் பெயர் எதுவும் இல்லை. எண் மட்டும்தான். ஆனால் ஒலி இருந்தது. நான்காவது நொடியில் அத்தான் குரல். சொந்தக்காரர் சம்பந்தப்பட்டது என்று சொல்லி, அப்போதே எழுந்து அடுத்த மேசைக்குத் தள்ளியிருக்க வேண்டும். விதி அதுதான். அங்கே போனால் பலூன் என்று இரண்டு நாளில் எழுதிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் என் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். உன் மார்ச் மாதக் கடிதம் வந்தபோது விடை என் கையில் இருந்தது.

உன்மேல் பழி போடவில்லை. நீ கேட்டிருக்காவிட்டாலும் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அந்த வீட்டில் உண்மையைச் சொன்ன ஒரே ஆளின் வாயை அடைக்க என் தாளைத்தான் பயன்படுத்தினீர்கள் என்பது வாண்டு எழுதிய பிறகுதான் தெரிந்தது.

இன்று காலை திருத்திய அறிக்கையைக் கொடுத்துவிட்டேன், கணக்கோடும் காரணத்தோடும். என்னை இந்த மேசையில் வைத்திருக்கமாட்டார்கள். அத்தான் விசாரணையையும் திரும்பத் திறப்பார்கள். எனக்குத் தெரிந்தேதான் செய்தேன். வாசலில் இதைப் படிப்பவரும் தாராளமாகப் படிக்கட்டும்.

மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

தம்பி


நவம்பர் 3

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். இரண்டு அறை வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அத்தானைப் பறக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். கூடத்தில் படம் வரைந்தவர்கள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வளையம் என்று அவர் சொன்ன அன்றே எனக்குத் தெரியும். சைபர் போன திசையைக் கண்ணால் பார்த்தவள் நான். வாண்டு அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. அவள் அடி வாங்கினாள், நான் குழம்பு ஊற்றினேன். நீ தாளில் எழுதினாய், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதில் யார் பெரிய பொய்க்காரர் என்று பார்த்தால் அக்காதான் மூத்தவள்.

நோட்டில் சைபர் வந்துவிட்டது. அவள் அப்பாவோடு இன்னும் பேசுவதில்லை.

அக்கா


டிசம்பர் 14

மைத்துனருக்கு,

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோப்புகளைத் தூசி தட்டும் பிரிவுக்கு உங்களை மாற்றிவிட்டதாக உங்கள் அக்கா சொன்னாள். நானும் இப்போது ஒரு கிடங்கில் டயர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இருவரும் சௌக்கியம் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள்மேல் ஆத்திரம் தீர இவ்வளவு நாள் ஆயிற்று. மார்ச் மாதமே உண்மையை எழுதியிருந்தால் என் வேலை மட்டும் போயிருக்கும். அதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன போகும் என்று அப்போது நானும்தான் நினைத்தேன். அதனால் உங்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை.

போன ஞாயிறு வாண்டை அழைத்துக்கொண்டு பின்சீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். ஊன்றுகோல் வைத்து நான்கு அடி நடக்கிறார். அவர் முன்னால் நின்று, "ரெண்டு தடவை சொன்னீங்க, நான் கேக்கல" என்றேன். "மூணு தடவை சார்" என்றார். வாண்டு இந்த முறை உள்ளே வந்தாள். அவருடைய ஊன்றுகோலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள், இரண்டு கையாலும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வேறு இடம் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா என்று தெரியவில்லை. பதினொரு நிமிடம் அவளுடைய சைபருக்குப் பின்னாலேயே போயும் அது என்னவென்று தெரியாதவனுக்கு, இது மட்டும் எப்படித் தெரியும்?

அப்புறம், அன்றைக்கு எந்தக் கன்னத்தில் அடித்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "மறந்துபோச்சுப்பா" என்றாள். மார்ச்சுக்குப் பிறகு என்னிடம் அவள் சொன்ன முதல் சொல் அது. என் மனம் நோகக்கூடாது என்று சொன்ன பொய். அதையும் நம் வீட்டில்தான் கற்றிருக்கிறாள்.

இடது கன்னம்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்